சந்திக்காத ரெயில்கள்

மதுரைக்காரனுக்கு மலை ரெயிலைப் பற்றி எழுத என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலைக்குப் பஞ்சம் கிடையாது. யானைமலை, பசுமலை, நாகமலை, திருப்பரங்குன்றம், சற்றுத் தள்ளி அழகர்மலை என்று திரும்பின பக்கமெல்லாம் ஒரு மலை நிற்கிறது. ஆனால் இவற்றில் எதன்மேல் ஏறினாலும் குளிராது. சித்திரை மாதத்து நடுப்பகலில் யானைமலைப் பாறையில் கை வைத்துப் பார்த்தவர்கள், தோசைக்கல்லுக்கும் மலைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குளிர்கிற மலை வேண்டுமானால் நாங்கள் மேற்கே போகவேண்டும்.

மேற்கே முதலில் கொடைக்கானல் இருக்கிறது. அதற்கென்று எங்கள் ரெயில் பாதையில் ஒரு ஸ்டேஷன்கூட உண்டு. பெயர்ப் பலகையில் 'கொடைக்கானல் ரோடு' என்று எழுதியிருக்கும். பழைய மனிதர்களுக்கு அது அம்மையநாயக்கனூர். வடக்கேயிருந்து வருகிறவர்கள் பலகையைப் பார்த்து உற்சாகமாக இறங்குவார்கள். கம்பளிச் சட்டையைக்கூடச் சிலர் மாட்டிக்கொண்டுவிடுவார்கள். மலை எங்கே என்று கேட்டால், இன்னும் 80 கிலோமீட்டர் பஸ்ஸில் போகவேண்டும் என்று பதில் வரும். அப்பொழுது அந்த முகங்களைப் பார்க்கவேண்டும்! கொடைக்கானலுக்கு ரெயில் ஏறவே இல்லை. ரோடு ஏறியது, அதோடு சரி.

ஊட்டியின் அதிர்ஷ்டம் வேறு. அங்கே ரெயில் போட 1891-ஆம் வருஷம் வேலை ஆரம்பித்தது. ஆரம்பித்த கம்பெனி பாதியிலேயே கடனில் மூழ்கியது. வேறொரு கம்பெனி வந்து எடுத்துக் கட்டி, 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி ஏறியது; 1908-இல் ஊட்டியை எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறவேண்டிய செங்குத்து. சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கிவிடும் என்பதால், ஸ்விட்சர்லாந்து தேசத்து ஆப்ட் என்பவர் கண்டுபிடித்த முறைப்படி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வரிசையைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து மேலே போகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பிள்ளையை முன்னே விட்டுப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற தகப்பனாரைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி ரெயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் சொல்ல வந்தது எங்கள் பக்கத்து மலையில் ஓடிய இன்னொரு ரெயிலைப் பற்றி.

என் அப்பத்தா போடிநாயக்கனூரில் இருந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் நான் அங்கேதான். தன் தகப்பனாரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவள், "எங்கய்யா டேசன்ல வேலை பாத்தவுக" என்று ஆரம்பிப்பாள். "எந்த டேசன்ல ஆத்தா?" என்று என் சித்தப்பா வேண்டுமென்றே கேட்பார். "டாப் டேசன்" என்பாள். "அந்த டேசனுக்கு எத்தனை மணிக்கு ரெயிலு?" என்று அவர் சிரிப்பார். அப்பத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். வெற்றிலையை மடித்தபடியே மேற்கே கையைக் காட்டுவாள். அங்கே, குரங்கணிக்கு அப்பால், மேகத்தில் பாதி மறைந்து நீலமாக மலை நிற்கும்.

டாப் ஸ்டேஷன் கற்பனை அல்ல. மலை உச்சியில், 5,500 அடிக்கு மேலே, அந்த இடம் இன்றும் இருக்கிறது. ரெயில்தான் இல்லை.

மூணாற்றுப் பகுதி மலைகளைப் பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் 1877-இல் குத்தகைக்கு வாங்கினார். பிறகு அங்கே தேயிலைத் தோட்டங்கள் கிளம்பின. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டது. தேயிலையைப் பயிரிடுவது ஒரு கஷ்டம் என்றால், அதைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பத்துக் கஷ்டம். மேற்கே கொச்சிப் பக்கம் காடும் ஆறும் மறித்தன. கிழக்கே பார்த்தால் மலை சுவரைப்போலச் செங்குத்தாக இறங்கி, அடியில் எங்கள் சமவெளி தெரிந்தது. அந்தச் சுவரின் விளிம்பு வரைக்கும் சரக்கைக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று தோட்டக்காரர்கள் தீர்மானித்தார்கள்.

1902-இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக, குண்டளைப் பள்ளத்தாக்கை ஒட்டி அந்த விளிம்பு வரைக்கும் ஒரு பாதை போட்டார்கள். முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம்! பாரம் முழுவதையும் அந்த ஒரே தண்டவாளத்தின்மேல் உருளும் சக்கரங்கள் தாங்கும்; வண்டி கவிழ்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டுகொண்டே வரும். இழுப்பதற்கு மாடுகள். நம்பிக்கை இல்லாதவர்கள் டில்லி ரெயில்வே மியூசியத்துக்குப் போனால், பாட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் ஓடிய ஒரு வண்டியைக் கண்ணால் பார்க்கலாம். 1908-இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் முறையான சின்ன ரெயில் பாதையே போட்டுவிட்டார்கள். நீராவி எஞ்சின் வந்தது. ஊட்டிக்கு ரெயில் எட்டிய அதே வருஷம் என்பதைக் கவனியுங்கள்.

விளிம்புக்கு வந்த தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்குவார்கள். வடம் ஐந்து கிலோமீட்டர் நீளம். அது தொடங்குகிற இடம் டாப் ஸ்டேஷன். முடிகிற இடம் பாட்டம் ஸ்டேஷன். நடுவழியில் ஒரு குக்கிராமத்துக்கு இன்றைக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே பெயர். சென்னைக்காரர்கள் தங்களிடம்தான் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பயணம். போடிக்கும் அப்பொழுது ரெயில் இல்லை. மலைமேல் எஞ்சின் கூவிக்கொண்டிருந்த காலத்தில், கீழே சமவெளியில் மாடுகள்தாம் தேயிலையை ரெயில் இருக்கிற ஊருக்கு இழுத்துக்கொண்டிருந்தன!

அப்பத்தாவின் தகப்பனாருக்கு, அதாவது என் பூட்டனாருக்கு, டாப் ஸ்டேஷனில் என்ன உத்தியோகம் என்றால், ரெயில் பெட்டியிலிருந்து தேயிலைப் பெட்டியை இறக்கி வடத்தில் ஏற்றுவது; வடத்தில் கீழேயிருந்து வருகிற அரிசி மூட்டையை இறக்கி ரெயிலில் ஏற்றுவது. மேலே அரிசி விளையாது. அங்கே கொழுந்து பறித்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் சாப்பிட்டது சமவெளியிலிருந்து போன அரிசி. அந்த ஜனங்களும் சமவெளியிலிருந்து போனவர்கள்தாம். கங்காணி முன்பணத்தைக் கொடுத்து, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிக்கொண்டு போவார். போடி வரைக்கும் எப்படியாவது வந்து சேர்ந்து, கொட்டகுடியிலிருந்து மலையில் நடப்பார்கள். தலைக்குமேலே, அவர்கள் நடக்கிற அதே திசையில், அரிசி மூட்டை வடத்தில் தொங்கிக்கொண்டு சுகமாகப் போகும்.

"அண்ணாந்து பாத்துக்கிட்டே நடப்பாகளாம். மூடை போறதைப் பாத்தா, மேல சோறு இருக்குன்னு ஒரு தெம்பு" என்பாள் அப்பத்தா. இதை அவள் வருத்தத்தோடு சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

1924-ஆம் வருஷம் ஜூலை மாதம் மழை பிடித்துக்கொண்டது. மலையாள தேசத்தில் அது கொல்லம் ஆண்டு 1099. அதனால் அந்த மழையை இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்கிறார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் விடாத மழை. மலைகள் சரிந்தன. பள்ளத்தாக்கில் அடைபட்டு நின்ற தண்ணீர் உடைத்துக்கொண்டு மூணாற்றின்மேல் பாய்ந்தது. பாலம், தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் போயின. இருபத்திரண்டு வருஷத்து ரெயில், ஒரு மாத மழையில் முடிந்துவிட்டது.

அப்பத்தாவுக்கு அப்பொழுது ஐந்து வயதோ ஆறு வயதோ. அவளிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் கதை ஒன்றும் வராது. துண்டு துண்டாகச் சிலதுதான் வரும். அடுப்புப் பற்றாமல் ஊறவைத்த அரிசியைத் தின்றது. மலைக்குள்ளேயிருந்து இடி இடிப்பதுபோலச் சத்தம் வந்தது. மழை விட்ட பிறகு தகப்பனார் தோளில் உட்கார்ந்து போகும்போது, மண் அரித்துப்போன ஓர் இடத்தில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. "ஊஞ்ச கெட்டலாம்போல இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான். பிறகு அவர்கள் இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் கொழுந்து பறிக்கலாம். ரெயிலில் மூட்டை ஏற்றுகிறவனுக்கு ரெயில் போன பிறகு அங்கே என்ன வேலை?

போடிக்கு வந்த பூட்டனார் கடனை உடனை வாங்கி ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் பிடித்தார். மலையிலிருந்து எப்படியோ சரக்கு இறங்கத்தான் செய்தது. தேயிலையும் ஏலக்காயும் ஏற்றிக்கொண்டு அவர் கிழக்கே போனார். நாலு வருஷம் பிழைப்புச் சுமாராக நடந்தது. கடனில் பாதி அடைந்தது. அந்தச் சமயத்தில்தான், 1928-ஆம் வருஷம், மதுரையிலிருந்து போடிக்கு ரெயில் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மேலே இருந்த ரெயில் 1924-இல் செத்தது. கீழே வரவேண்டிய ரெயில் 1928-இல் வந்தது. நடுவே நாலு வருஷம். வெள்ளம் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தாலோ, ரெயில்வே கம்பெனி கொஞ்சம் முந்திக்கொண்டிருந்தாலோ, மதுரை ஜங்ஷனில் ஏறுகிற ஒருவர் போடியில் இறங்கி, கொட்டகுடி ஏறி, டாப் ஸ்டேஷனில் மறுபடி ரெயிலைப் பிடித்து மூணாற்றில் போய் இறங்கியிருக்கலாம். நடுவிலிருந்த சுவரில் ஏறவும் ஊட்டியைப்போல ஒரு பல்சக்கரம் போட்டிருப்பார்களா என்பதெல்லாம் கதாசிரியன் கவலை. இரண்டு ரெயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை என்பதுதான் நடந்தது.

போடிக்கு முதல் ரெயில் வந்த அன்று ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கப் போயிற்றாம். பூட்டனார் மட்டும் போகவில்லை. ரெயில் இல்லாமல் போனதால் ஒரு வேலையை இழந்த மனிதர், ரெயில் வந்ததால் இன்னொரு வேலையை இழந்தார். கொட்டகுடியிலிருந்து போடி ஸ்டேஷன் வரைக்கும் உள்ள 15 கிலோமீட்டர்தான் அவர் மாடுகளுக்கு மிச்சம். அதுவும் தேய்ந்துகொண்டு வந்தது. 1935-இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள். மூணாற்றுச் சரக்குக்கு மேற்கு வாசல் திறந்துகொண்டது.

பிறகு யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு தேவைப்பட்டது. வருமானம் குறைந்த ரெயில் பாதைகளையெல்லாம் பெயர்க்கச் சொல்லி உத்தரவாயிற்று. போடிப் பாதையும் அதில் ஒன்று. 1942-இல் தண்டவாளங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊரில் எல்லாரும் துக்கம் விசாரிப்பதுபோலப் பேசிக்கொண்டார்களாம். பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு, பஸ்கள் கரிவாயுவில் திணறிக்கொண்டு ஓடின. ஆகவே சரக்கெல்லாம் மறுபடி மாட்டு வண்டிக்கு வந்தது. பூட்டனார் இரண்டாவது ஜோடி மாடு வாங்கினார். மூன்றாவதும் வாங்கினார். போடியில் எங்களுக்கு இருந்த ஓட்டு வீடு யுத்தத்தின் உபயம். ஹிட்லருக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. எங்கள் குடும்பம் அந்தச் சங்கடமான ஜாபிதாவில் இருக்கிறது.

1950-களில் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டார்கள். அதற்குள் பூட்டனாருக்கு வயதாகிவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு அவரை மதுரைக்கு ரெயிலில் அழைத்துப் போனாள் அப்பத்தா. வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட் வாங்கி ரெயிலில் உட்கார்ந்தார். உசிலம்பட்டி வரையில் பேசவே இல்லையாம். அப்புறம், "பரவால்ல, இதுக்குத் தண்ணி காட்டுனாப் போதும், தீனி வேணாம்" என்றாராம்.

அந்தப் பாதையில் நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மீட்டர் கேஜ் வண்டி. 90 கிலோமீட்டர் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக அது கடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. செக்கானூரணி, உசிலம்பட்டி என்று நின்று நின்று போகும். கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும். உசிலம்பட்டியில் பூக்கூடைகள் ஏறும். பெட்டி முழுவதும் மல்லிகை வாசனையும் பீடிப் புகையும் கலந்து ஒரு தினுசாக மணக்கும். ஆண்டிபட்டிக் கணவாயில் நுழையும்போது வண்டி மூச்சு வாங்கும். இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வந்து, சட்டென்று விலகும். விலகினதும் எதிரே வருஷநாட்டு மலையும் மேற்கு மலையும் வரிசையாக நிற்கும். காற்று மாறும். மதுரை வெயிலில் காய்ந்த முகத்தில் அந்தக் காற்றுப் பட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

2010-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு அந்த வண்டியும் நின்றது. அகலப் பாதை போடப்போகிறோம் என்றார்கள். தேனி வரைக்கும் ரெயில் திரும்பி வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். பன்னிரண்டரை வருஷம்! மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பாறையைக் குடைந்து, கம்பெனி திவாலாகி, வேறு கம்பெனி வந்து கட்டி முடித்ததே எட்டு வருஷத்தில். அந்தப் பன்னிரண்டரை வருஷத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். ரெயிலுக்குப் போகலாம் என்று தோன்றுவதும் ஒரு பழக்கந்தானே? அது விட்டுப்போனால் எளிதில் திரும்புவதில்லை.

குண்டளை ரெயிலை ஏன் மறுபடி போடவில்லை என்று நான் பலதடவை யோசித்ததுண்டு. சேதம் பெரியது, செலவு பெரியது என்பது ஒரு காரணம். ஆனால் ஊட்டிப் பாதையிலும் மலை சரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை உருண்டு, வண்டி நாள்கணக்கில் நிற்காத வருஷம் அபூர்வம். டிக்கெட் வருமானம் அதன் செலவுக்குக் காணாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பாறையை அகற்றி ஓட்டுகிறார்கள். பழைய எஞ்சின்கள் ஓய்ந்துபோனபோது, திருச்சி பொன்மலைப் பட்டறையில் அதே மாதிரிப் புதிய நீராவி எஞ்சின் செய்து கொடுத்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ அதை உலக பாரம்பரியச் சின்னம் என்றது. காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ஊட்டி ரெயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நிறுத்தப்போகிறோம் என்றால் கூச்சல் போட அவர்கள் உண்டு. குண்டளை ரெயில் தேயிலைப் பெட்டிக்காகப் பிறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார்கள். தேயிலைப் பெட்டி கூச்சல் போடுமா? அந்த ரெயிலை நினைத்து ஏங்கக்கூடியவர்கள் மூட்டை ஏற்றினவர்கள்தாம். அவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற வகுப்பைச் சேர்ந்தவர்கள் அல்ல.

சில வருஷங்களுக்கு முன்னால் டாப் ஸ்டேஷனுக்குப் போனேன். பூகோளத்தில் அது ஒரு வேடிக்கையான ஊர். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த இடம். ஆனால் வண்டியில் போகவேண்டுமானால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கேரளத்துக்குள் நுழைந்து, மூணாற்றைத் தொட்டு, திரும்பத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும். என் பூட்டனார் ஒரு பகலில் நடந்து இறங்கிய மலையை நான் காரில் சுற்றிக்கொண்டு ஏறினேன். நேர் வழியில் நடந்து ஏறலாம் என்றும் ஓர் ஆசை இருந்தது. ஆனால் 2018 மார்ச் மாதம் குரங்கணிக் காட்டுத் தீயில், மலையேறப் போனவர்கள் இருபது பேருக்குமேல் வெந்து மாண்ட பிறகு, அந்தப் பக்கத்துப் பாதைகளில் நினைத்தவுடன் நடந்துவிட முடியாது என்று ஆகிவிட்டது. ஒரு காலத்தில் வயிற்றுக்காகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறின மலை அது.

மூணாற்றில் ரெயில் நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. டாப் ஸ்டேஷனில் வடம் கட்டிய இடத்தின் மிச்சமாகக் கொஞ்சம் கட்டுமானம் புல்லுக்குள் கிடக்கிறது. சுற்றிலும் உல்லாசப் பிரயாணிகள். சுட்ட சோளமும் நறுக்கிய மாங்காயும் விற்கிறார்கள். ஒருவர் மனைவியிடம், "ஸ்டேஷன்னு போட்டிருக்கே, ஸ்டேஷன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள், "போலீஸ் ஸ்டேஷனா இருக்கும்" என்றாள்.

கிழக்கே எட்டிப் பார்த்தேன். மேகம் விலகின ஒரு கணம் கொட்டகுடிப் பள்ளத்தாக்கும், அதற்கப்பால் தென்னந்தோப்புகளும், போடியின் பக்கமாகப் பளபளவென்று ஏதோ கூரையும் தெரிந்தன. மறுபடி மூடிக்கொண்டது.

குண்டளை ரெயிலை உல்லாசப் பிரயாணிகளுக்காகத் திரும்ப அமைக்கலாம் என்று மூணாற்றுப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு பேச்சு எழுகிறது. எழுந்து அடங்கிவிடுகிறது. ஒருவேளை இந்தத் தடவை நிஜமாகவே போட்டுவிட்டார்கள் என்றால், முதல் வண்டிக்கே டிக்கெட் எடுக்கலாம் என்றிருக்கிறேன். டாப் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றினவருடைய கொள்ளுப் பேரனுக்குக் கட்டணத்தில் ஏதாவது சலுகை உண்டா என்று மட்டும் விசாரிக்க வேண்டும்.